ஆறுதலாக நடந்த கமரா
பாஸ் எராசுரிஸ் கண்ட சந்தியாகோ நகரம்

சிலி நாட்டின் தலைநகரான சந்தியாகோ, கிழக்கே அந்தீஸ் மலைத்தொடரும் மேற்கே கரையோரக் குன்றுகளும் சூழ்ந்திருக்க, நடுவே கிண்ணத்தில் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும் நகரம். 1541ஆம் ஆண்டில் ஸ்பானியர் இங்கு வந்து, இன்று சாந்தா லூசியா என அழைக்கப்படும் சிறு குன்றின் அடியில் இந்நகருக்கு அத்திவாரமிட்டனர். மலைப்பனி உருகி வரும் மபோச்சோ ஆறு மண்நிறத்தில் நகரை ஊடறுத்துப் பாய்கிறது. குளிர்காலத்தில் மழை விட்ட மறுநாள் காலையில் வெண்பனி போர்த்த மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். மற்ற நாட்களில் வாகனப் புகையும் அடுப்புப் புகையும் சேர்ந்து அந்த மலையை மறைத்துவிடும்.

உல்லாசப் பயணிகள் வாங்கிச் செல்லும் அஞ்சலட்டைகளில் இருப்பது மழை விட்ட மறுநாளின் சந்தியாகோ. அதே நகரில் 1944இல் பிறந்து, அதே நகரை வெளியூர்க்காரி ஒருத்தியைப்போல் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்த்த ஒரு பெண் காட்டும் சந்தியாகோ வேறு. அவர் பெயர் பாஸ் எராசுரிஸ். ‘பாஸ்’ என்றால் ஸ்பானிய மொழியில் சமாதானம். சமாதானம் இல்லாத காலத்தில்தான் அவர் கமராவுடன் வீதிக்கு வந்தார் என்பதை நினைக்கையில் அந்தப் பெயர் சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது.

நமது பேச்சு வழக்கில் ‘ஆறுதலாக வா’, ‘ஆறுதலாகச் சாப்பிடு’ என்கிறோம் அல்லவா? அந்த ஆறுதல்தான் எராசுரிஸின் தொழில்முறை. ஒரு மூலைக்குப் போனால் அங்கே தங்குவார். போன இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார். ஒரு தொகுதிப் படங்களுக்காக ஐந்து வருடங்கள் செலவழித்திருக்கிறார். அந்த ஐந்து வருடங்களும் சாதாரண வருடங்களல்ல.

எராசுரிஸ் படித்தது ஆசிரியத் தொழிலுக்கு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பின்னர் சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் கற்று, ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக வேலை செய்தார். புகைப்படக் கலையைத் தானாகவே பழகிக்கொண்டார். 1973இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், அமாலியா என்ற ஒரு கோழியின் அன்றாட வாழ்க்கையைப் படங்களால் சொல்லும் சிறுவர் புத்தகம். பிற்காலத்தில் விடுதிகளையும் மனநோய் வைத்தியசாலையையும் படம் பிடித்தவரின் தொடக்கம் ஒரு வீட்டுக் கோழி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமையை அவருக்கு முதலில் கற்பித்தது அந்தக் கோழியாகவும் இருக்கலாம்.

அதே 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி, மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஜனாதிபதி சல்வடோர் அலெண்டேயின் அரசை இராணுவம் கவிழ்த்தது. ஜனாதிபதி மாளிகையான லா மொனேடா மீது விமானங்கள் குண்டு வீசின. அலெண்டே அங்கேயே இறந்தார். ஜெனரல் பினோஷேயின் ஆட்சி 1990 மார்ச் வரை, பதினாறரை வருடங்கள் நீடித்தது. அக்காலத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் எனப் பின்னர் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் பதிவு செய்துள்ளன. சித்திரவதைக்கு உள்ளானோர் பல்லாயிரம் பேர்.

ஊரடங்கு என்றால் என்னவென்று இச்சஞ்சிகையின் வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை. சந்தியாகோவில் அது ஏதோ ஒரு வடிவில், கூட்டியும் குறைத்தும் தளர்த்தியும், 1987 வரை இருந்து வந்தது. இரவு விருந்துக்குப் போனவர்கள் விடியும் வரை அங்கேயே தங்கிவிடுவார்கள். ‘ஊரடங்கிலிருந்து ஊரடங்கு வரை’ என்று அந்த விருந்துகளுக்கே பெயர் வைத்திருந்தார்கள். பகலில்கூட வீதியில் காரணமின்றி நிற்பவர் சந்தேகத்துக்குரியவர். வேலைக்குப் போ, வீட்டுக்குப் போ, இரண்டுக்கும் நடுவில் நிற்காதே என்பதே எழுதப்படாத சட்டம்.

பெண்களுக்கு இந்தச் சட்டம் எல்லா ஊர்களிலும், எல்லா ஆட்சிகளிலும் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கையில் பையோ இடுப்பில் பிள்ளையோ இல்லாமல் ஒரு பெண் தெருமுனையில் நின்றால், “ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?” என்ற கேள்வி வந்துவிடும். எராசுரிஸ் நின்றார். அதுவும் கமராவுடன் நின்றார்.

உறங்குபவர்கள்

1979, 1980ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த தொகுதிக்கு ‘உறங்குபவர்கள்’ என்று பெயர். பகல் வெளிச்சத்தில், பொது இடங்களில் படுத்துறங்கும் மனிதர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். வீடற்றவர், வேலையற்றவர், குடித்தவர், வெறுமனே களைத்தவர் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். யார் எந்த வகை என்று படம் நமக்குச் சொல்வதில்லை.

அன்றைய சிலி அரசு ‘பொருளாதார அதிசயம்’ என்று உலகெங்கும் பறைசாற்றிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கடைகளும் வெளிநாட்டுப் பொருட்களும் வந்திறங்கிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே தரையில் மனிதர் கிடந்தனர். எதிர்ப்புச் சுலோகம் எதுவும் இந்தப் படங்களில் இல்லை. ஆனால் தெருவில் கிடக்கும் உடலைப் பார்க்கும்போது அன்றைய சந்தியாகோவாசிக்கு முதலில் வரும் கேள்வி, ‘இவர் உறங்குகிறாரா, இறந்துவிட்டாரா?’ என்பதாகத்தான் இருந்திருக்கும். மபோச்சோ ஆற்றில் பிணங்கள் மிதந்து வந்ததைக் கண்ட நகரமல்லவா அது.

இந்தத் தொகுதியில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. உறங்குகிறவரிடம் அனுமதி கேட்க முடியாது. ஏழையின் தூக்கத்தை அவருக்குத் தெரியாமல் படமெடுத்துக் காட்சிக்கு வைப்பது சரியா? எராசுரிஸின் பிற்காலப் படங்களில் அநேகமாக எல்லோரும் கமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். உடுத்தி, சீவி, தாங்கள் விரும்பிய கோலத்தில் நிற்கிறார்கள். அந்த மாற்றத்தைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. எப்படியாயினும் உறங்குபவர்களிடமிருந்து விழித்திருப்பவர்களிடம் அவர் போய்ச் சேர்ந்தது முக்கியமானது.

வெற்றுச் சட்டங்கள்

தனியாக நடந்தாலும் அவர் தனித்தவராக இருக்கவில்லை. 1981இல் சந்தியாகோவின் புகைப்படக்காரர்கள் சேர்ந்து ‘சுதந்திரப் புகைப்படக் கலைஞர் சங்கம்’ ஒன்றை நிறுவினர். எராசுரிஸ் அதன் நிறுவுநர்களுள் ஒருவர். பத்திரிகை நிறுவனம் எதையும் சாராதவர்கள் பொலிஸாரிடம் காட்டுவதற்கு ஓர் அடையாள அட்டையாவது வேண்டும் என்பது அன்றைய அவசரத் தேவை. ஒருவரைப் பிடித்தால் மற்றவர் அறிவர், தேடிப் போவர் என்ற நம்பிக்கையும் அதனால் கிடைத்தது.

இந்தச் சங்கத்தைச் சூழ்ந்து பெண்கள் பலர் இயங்கினர். நகரின் பழைய மதுச்சாலைகளையும் அங்கு வருவோரையும் படமெடுத்து, அவற்றுக்குக் கையாலேயே வர்ணம் தீட்டியவர் லியொனோரா விகுன்யா. பெண்களின் எதிர்ப்பு நடவடிக்கைகளை அருகிருந்து பதிவு செய்தவர் கேனா லொறன்சினி. அமெரிக்காவிலிருந்து வந்து சிலியிலேயே தங்கிவிட்ட ஹெலன் ஹியூஸ் என்பவரும் இருந்தார்.

1984 செப்டெம்பரில் நடந்தது இன்று கேட்டால் கட்டுக்கதைபோல் தோன்றும். ஆட்சியை விமர்சித்த ‘அப்சி’, ‘அனலிஸிஸ்’, ‘கௌசே’, ‘போர்ட்டின் மபோச்சோ’ ஆகிய ஏடுகள் படம் எதையும் அச்சிடக்கூடாது என இராணுவம் கட்டளையிட்டது. எழுத்து போகலாம், படம் கூடாது! ஆசிரியர்கள் கட்டளைக்குப் பணிந்தனர். ஆனால் பணிந்த விதம்தான் விசேஷம். படம் வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் விட்டு, கீழே படவிளக்கத்தை மட்டும் அச்சிட்டனர். வாசகர் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துத் தாமே படத்தைக் கற்பனை செய்துகொண்டனர். சுருட்டிவைத்த படத்தைவிட அந்த வெள்ளைக் கட்டம் ஆட்சியாளரை அதிகம் உறுத்தியிருக்கும்.

படம் எடுப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு 1986 யூலை 2ஆம் திகதி சாட்சி. பொது வேலைநிறுத்த நாளான அன்று காலை, ரொட்ரிகோ ரோஹாஸ் என்ற 19 வயது இளம் புகைப்படக்காரரையும் கார்மன் குளோரியா கின்டானா என்ற 18 வயது மாணவியையும் இராணுவ ரோந்துப் படையினர் பிடித்து, எரிபொருள் ஊற்றித் தீவைத்தனர். ரோஹாஸ் நான்கு நாட்களில் இறந்தார். உடலின் பெரும்பகுதி எரிந்த நிலையில் கார்மன் பிழைத்து, நடந்ததை உலகுக்குச் சொன்னார்.

அந்த வருடங்களில் ‘உயிர்வாழ்வுக்கான பெண்கள்’ என்ற இயக்கம் சந்தியாகோ வீதிகளில் துணிந்து இறங்கியது. 1983 டிசெம்பர் 29இல் கவுப்போலிக்கான் அரங்கில் பெண்கள் மட்டும் சுமார் 10,000 பேர் கூடினர். அதே அரங்கில்தான் 1978ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பப் பெண்கள் முதன்முறையாகக் ‘குவேக்கா’ என்ற நாட்டுப்புற நடனத்தைத் தனித்து ஆடிக் காட்டினர். ஆணும் பெண்ணும் கைக்குட்டையைச் சுழற்றிச் சோடியாக ஆடவேண்டிய நடனம் அது. இவர்கள் துணைக்கு ஆளின்றி, நெஞ்சில் கணவனின் அல்லது மகனின் படத்தைக் குத்திக்கொண்டு ஆடினர். பெண்களின் ஊர்வலங்களையும் அவற்றைப் பொலிஸார் கலைப்பதையும் எராசுரிஸ் படமெடுத்தார். ஆனால் அவருடைய மனம் ஊர்வலத்திலே நிலைக்கவில்லை. கூட்டம் கலைந்து போன பிறகும் எஞ்சியிருக்கும் மனிதரிடமே திரும்பத் திரும்பச் சென்றது.

பூட்டிய கதவுகளைத் தட்டியவர்

எழுபதுகளின் இறுதியிலிருந்து எண்பதுகள் முழுவதும் அவர் சென்ற இடங்களைப் பார்த்தால், நகர வழிகாட்டி நூல் எதிலும் வராத ஒரு சந்தியாகோ உருவாகிறது. கூடாரத்தின் பின்புறத்தில் முகப்பூச்சு பூசும் சிறு சர்க்கஸ் கலைஞர்கள், முதிர்ந்த வயதிலும் தோளில் கைபோட்டு டாங்கோ ஆடும் சோடிகள், பீடத்திலிருந்து இறக்கப்பட்டுக் கிடக்கும் தேசிய வீரர்களின் சிலைகள். இந்தக் கடைசித் தொகுதியை 1983இல் எடுத்தார். ஜெனரல்களின் ஆட்சியில் ஜெனரல்களின் சிலைகள் தூசு படிந்து கிடப்பதைப் படமெடுப்பதற்குப் பிரத்தியேகத் துணிச்சல் வேண்டும். அதைவிட அதிகமாக நகைச்சுவை உணர்வு வேண்டும்.

1987இல் அவர் குத்துச்சண்டைக் கழகத்தின் கதவைத் தட்டினார். பெண்களுக்கு அங்கே அனுமதியில்லை. விடாது கேட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அங்கு எடுத்த படங்களில் குத்து விழும் கணம் எதுவும் முக்கியமாக இல்லை. வெறும் சுவரின் முன் இளைஞர்கள் தனித்தனியே நிற்கிறார்கள். கையுறை அணிந்த கைகள் தொங்குகின்றன. மூக்கு உடைந்து பழகியது. கண்ணில் வெற்றியைவிடக் களைப்பே அதிகம். ஆண்மைக்குப் பேர்போன ஓரிடத்தில் புகுந்து, ஆண்களின் பலவீனத்தை அவர்கள் கூச்சப்படாத விதத்தில் எடுத்துவந்தார். சண்டையைப் பார்க்க வந்த ஆண் புகைப்படக்காரர் எவரும் இதைக் கண்டிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

எல்லாவற்றிலும் மேலானது ‘ஆதாமின் அப்பிள்’. ஆண்களின் தொண்டையில் புடைத்துத் தெரியும் முடிச்சுக்கு ஸ்பானிய மொழியில் அதுதான் பெயர். 1982 முதல் 1987 வரை, சந்தியாகோவிலும் தெற்கே தால்கா நகரிலும் விடுதிகளில் பாலியல் தொழில் செய்து வாழ்ந்த திருநங்கையருடன் எராசுரிஸ் பழகி எடுத்த படங்கள் இவை. உடன் சென்றவர் கிளௌடியா டொனோசோ என்ற பத்திரிகையாளர். ஒருவர் படமெடுக்க, மற்றவர் அவர்களுடைய சொல்லைக் கேட்டு எழுதினார்.

இராணுவ ஆட்சி திருநங்கையரை எவ்வாறு நடத்தியிருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. அடியும் சிறையும் அவர்களுக்கு அன்றாடம். ஆயினும் இப்படங்களில் பெரும்பாலானவை துயரத்தைக் காட்டுவதற்காக எடுக்கப்படவில்லை. கண்ணாடி முன் மையிடுகிறார்கள். கட்டிலில் சாய்ந்து கதைக்கிறார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னான அந்தச் சோம்பலான பின்னேரப் பொழுது படமெங்கும் பரவியிருக்கிறது. மணிக்கணக்காகக் கூட இருந்தவருக்கே கிடைக்கக்கூடிய பொழுது அது. ஒரு தாயும் அவருடைய இரு பிள்ளைகளும் தொகுதி முழுவதும் வருகிறார்கள். பிள்ளைகள் இருவரும் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்கள். தாய் அவர்கள் நடுவே சாதாரணமாக இருக்கிறார். ‘இவர்களுக்கும் தாய் உண்டு’ என்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை. தாய் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான்.

இந்நூல் பினோஷே ஆட்சி முடிந்த 1990ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. வெளிவந்தபோது வாங்குவாரில்லை. படத்தில் உள்ளவர்களுள் பலர் பின்னர் எயிட்ஸ் நோயால் மாண்டனர். இன்று அதே படங்கள் லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. அவர்களுள் எத்தனை பேருக்குக் கல்லறையில் தாங்கள் விரும்பிய பெயர் எழுதப்பட்டிருக்கும்?

நகரத்துக்கு வெளியேயும் அவர் சென்றார். சந்தியாகோவுக்கு வடக்கே புத்தாயெந்தோ என்ற சிற்றூரில், காசநோயாளருக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் மனநோய் வைத்தியசாலையாக மாறிய பெரிய கட்டடம் ஒன்று உண்டு. உறவினர் வந்து பார்க்காத, சிலருக்குப் பெயர்கூடப் பதிவில் இல்லாத நோயாளர் அங்கே பல வருடங்களாக வாழ்ந்தனர். அவர்களிடையே காதல் சோடிகள் இருந்ததை எராசுரிஸ் கண்டார். கைகோத்தும் அணைத்தும் நிற்கும் அச்சோடிகளின் படங்களும் எழுத்தாளர் டயமெலா எல்டிட்டின் எழுத்தும் சேர்ந்து 1994இல் நூலாகின. அதே வைத்தியசாலையில் பெண் நோயாளர் குளிக்கும் இடத்தில் அவர் எடுத்த இன்னொரு தொகுதியை மட்டும் என்னால் முழுமனதுடன் ஏற்க இயலவில்லை. நிர்வாணமாகக் கூட்டமாய்க் குளிப்பாட்டப்படும் கொடுமையை வெளிக்கொணர்வது நோக்கமாக இருக்கலாம். ஆனாலும் அங்கே கமராவைத் திரும்பிப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் எத்தனை பேர் இருந்தார்கள்? காதல் சோடிகளுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்குக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளில் தெற்குக் கோடிக்குச் சென்று, கடலோடிகளான கவேஸ்கர் ஆதிக்குடியினரில் எஞ்சியிருந்த சிலரைப் படமெடுத்தார். 2014இல், எழுபது வயதில், பெரு நாட்டு எல்லையோரத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் சென்றார்.

அங்கீகாரம் வராமல் இல்லை. 1986இல் அமெரிக்காவின் குகன்ஹைம் புலமைப்பரிசில் கிடைத்தது. 2015ஆம் ஆண்டு வெனிஸ் நகரின் உலகக் கலைக் கண்காட்சியில் சிலியைப் பிரதிநிதித்துவம் செய்த இரு பெண்களுள் அவர் ஒருவர். மற்றவர் லொட்டி ரோசன்பெல்ட். 1979இல் சந்தியாகோவின் ஒரு பெருவீதியில் வாகன ஒழுங்கைகளைப் பிரிக்கும் வெள்ளைக் கோடுகளுக்குக் குறுக்கே வெள்ளைத் துணிப்பட்டைகளை ஒட்டி, வீதி நெடுகிலும் சிலுவைகளாக மாற்றியவர் அவர். ஒருத்தி வீதியில் குனிந்து கோடு கிழித்தாள். மற்றவள் வீதியோரத்தில் குந்தியிருந்து முகம் பார்த்தாள். இருவரையும் ஒன்றாக அனுப்பியது பொருத்தமான தெரிவு. 2017இல் நாட்டின் உயர் விருதான தேசிய கலைப் பரிசு எராசுரிஸுக்கு வழங்கப்பட்டது.

சந்தியாகோவுக்குப் போகும் வாய்ப்பு நம்மில் அநேகருக்குக் கிடைக்கப் போவதில்லை. போகிறவர்கள் சான் கிறிஸ்டோபல் குன்றின் உச்சியில் நிற்கும் மாதா சிலையைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். இறங்கி வந்து கின்டா நோர்மல் பூங்காவுக்கும் போகலாம். பூங்காவின் எதிரில், 2010இல் திறக்கப்பட்ட ஞாபகத்துக்கும் மனித உரிமைகளுக்குமான அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் உள்ளே, கொல்லப்பட்டோரதும் காணாமல் ஆக்கப்பட்டோரதும் படங்கள் உயர்ந்த சுவரொன்றை நிறைத்திருக்கின்றன. குடும்பத்தினர் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த படங்கள்தான் அநேகமானவை: பாடசாலை அட்டைப் படம், கலியாணப் படம், யாரோ வீட்டு முற்றத்தில் சிரித்த படம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஒரு பகல் போதாது. கால் உளைந்தால் வீதியைக் கடந்து பூங்காவுக்கு வரலாம். மரநிழலில் வாங்குகள் உண்டு.